பழைய கண்ணாடி வீட்டு வாசனையை பாட்டில்ல பிடிக்கிறது எப்படி: கியூ பாம் ஹவுஸை மனசுல வச்சு ஒரு தாவர பெர்ஃப்யூம்

லண்டன்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, ஒரு பிப்ரவரி மாசம், அங்க இருக்கிற கியூ கார்டன்ஸ்ங்கிற தாவரவியல் பூங்கா பார்க்கப் போனேன். வெளிய விரல் மரத்துப்போற குளிர். அதுக்குள்ள பாம் ஹவுஸ்னு, பனை மரங்களுக்காக இரும்பும் கண்ணாடியுமா கட்டின ஒரு பெரிய வீடு இருக்கு, அதோட கதவைத் தள்ளி உள்ள காலை வச்ச அடுத்த நொடி மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணுமே தெரியல, அதனால மூக்கு மட்டும்தான் வேலை செஞ்சுது. முதல்ல நனைஞ்ச மண்ணு. அப்புறம் வாழைத்தண்டை இப்பதான் நறுக்கின மாதிரி ஒரு பச்சை. அதுக்கும் பின்னாடி, கிணத்தடி இரும்பு வாளியைத் தொட்டுட்டு கையை மோந்தா வருமே, அது. பூ வாசனை தேடினாத்தான் எங்கயோ தூரத்துல லேசா இருந்துச்சு.

கண்ணாடி வீடுன்னு பேர் வச்சு வர்ற நிறைய பெர்ஃப்யூமை மோந்து பார்த்திருக்கேன், பெரும்பாலும் பூக்கடை வாசனைதான் வரும். ஆனா அந்த இடம் பூக்கடை கிடையாது. தண்ணி, மண்ணு, இலை, இரும்பு, இதுதான் அது. அதனால இந்த வழிகாட்டில மண்ணுல இருந்து தொடங்கி மேல போவோம், பூவை கடைசியா, அதுவும் எட்டத்துல வைப்போம். இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா மத்த அளவெல்லாம் உங்க மூக்குக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

முதல்ல இடத்தைத் தெரிஞ்சுக்கோங்க

பொருள் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் இதுக்கு ஒதுக்குங்க. பாம் ஹவுஸ் 1844ல இருந்து 1848க்குள்ள கட்டினது. டெசிமஸ் பர்டன்னு கட்டடக் கலைஞர், ரிச்சர்ட் டர்னர்னு டப்ளின்ல இரும்புப் பட்டறை வச்சிருந்தவர், ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினாங்க. உள்ள நடுவுல தூண் நிறைய நின்னா பனை மரமெல்லாம் எப்படி வளரும், அதனால கப்பல் கட்டுறவங்க பயன்படுத்தின இரும்பு உத்திர முறையை எடுத்துக்கிட்டாங்க, வெளிய நின்னு பார்த்தா கவுத்துப் போட்ட கப்பல் மாதிரியேதான் இருக்கும். 16,000 கண்ணாடித் துண்டு. கட்டுமானம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, 1845ல, பிரிட்டன்ல கண்ணாடி மேல இருந்த வரியை எடுத்துட்டாங்க, இந்த மாதிரி பெரிய கண்ணாடி வீடுகள் பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம். முதல்ல போட்ட கண்ணாடி லேசான பச்சை நிறம், இலை வெயில்ல கருகிடக் கூடாதேன்னு செப்பு ஆக்சைடு கலந்து செஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அடுப்பு. சூடு வேணும்னா நிலக்கரி எரிக்கணும், ஆனா இவ்வளவு அழகான வீட்டு மேல புகைபோக்கி நீட்டிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காது. அதனால பாய்லரையெல்லாம் தரைக்கு அடியில வச்சு, 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டி, புகையைத் தள்ளி இருக்கிற ஒரு கோபுரம் வழியா விட்டாங்க, அதே சுரங்கத்துல சின்னத் தண்டவாளம் போட்டு நிலக்கரியும் வந்துச்சு. சூடு தரையில இருக்கிற இரும்புக் கம்பி இடுக்கு வழியா மேல வரும். அதனால இந்த பெர்ஃப்யூம்ல ஒரு துளி புகை வேணும், மேல தெரியாம, தரைக்கு அடியில இருக்கிற மாதிரி.

அப்புறம் அங்க ஒரு பெரியவர் இருக்கார், பார்க்க பனை மாதிரி இருக்கிற சைக்கட் வகைச் செடி, பிரான்சிஸ் மேசன்ங்கிறவர் தென்னாப்பிரிக்கால இருந்து கொண்டு வந்து 1775ல கியூவுக்கு வந்தது. உலகத்துலயே ரொம்ப வயசான தொட்டிச் செடின்னு அதைச் சொல்றாங்க. தண்டு நேரா நிக்க முடியாம சாய்ஞ்சு, முட்டு குடுத்து வச்சிருக்காங்க. நான் கிட்டப் போய் குனிஞ்சு மோந்தேன், செடிக்குனு தனியா வாசனை பெருசா இல்ல, அந்தத் தொட்டி மண்ணுதான் மணந்துச்சு, காட்டுல மக்கின இலைக்குள்ள கையை விட்ட மாதிரி. இந்த பெர்ஃப்யூமோட அடித்தளம் அந்தத் தொட்டிதான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

உங்க ஊர்ல பாம் ஹவுஸ் இல்லன்னா பரவால்ல, பக்கத்துல எந்த நர்சரி இருந்தாலும் போங்க, காலையில தண்ணி தெளிச்ச உடனே போங்க. ஒரு நோட்டுல எழுதுங்க: எது முதல்ல வந்துச்சு, எது நின்னுச்சு, எது வெளிய வந்த பிறகும் சட்டையில இருந்துச்சு. "நல்லா இருந்துச்சு"ன்னு எழுதாதீங்க, "பச்சை கொத்தவரங்காய் ஒடிச்ச மாதிரி"ன்னு எழுதுங்க. அந்த நோட்டுதான் பின்னாடி உதவும்.

எது எங்க இருந்து வருது

மண் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின், மண்ணுல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசஸ் மாதிரியான நுண்ணுயிர்கள் உண்டாக்குறது. ஒரு லட்சம் கோடியில 5 பங்கு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிடும்னு சொல்வாங்க. காய்ஞ்ச மண்ணுல மழை விழும்போது வர்ற வாசனைக்கு பெட்ரிகோர்னு பேர் வச்சது 1964ல, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு விஞ்ஞானிகள். ஆனா உத்தரப் பிரதேசத்துல கன்னோஜ்ல அதுக்கு எவ்வளவோ முன்னாடியே அந்த வாசனையை அத்தரா இறக்கிட்டாங்க, சுட்ட களிமண் வில்லைகளை செப்பு அண்டாவுல தண்ணியோட போட்டு காய்ச்சி, அந்த ஆவியை சந்தன எண்ணெய்க்குள்ள இறக்குவாங்க. அதுதான் மிட்டி அத்தர். நமக்கு இதுல முக்கியமான பொருள்.

இலையைக் கிள்ளினா வர்ற பச்சை வாசனைக்கு சிஸ்-3-ஹெக்சனால்னு பேர், இலை காயப்பட்ட சில நொடியில செடியே அதை உண்டாக்கும். புல்லு வெட்டினா வர்றதும் இதுவேதான். இரும்பு வாசனை கதை இன்னும் ஆச்சரியம், இரும்புக்குனு வாசனையே கிடையாது. நம்ம தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையும் இரும்பும் சேர்ந்து வினை நடக்கும்போது நம்ம கையில இருந்துதான் அந்த வாசனை வருது, அதுல முக்கியமானது 1-ஆக்டென்-3-ஓன், காளான் மாதிரி மணக்கிற ஒண்ணு. பாம் ஹவுஸ்ல சுழல் படிக்கட்டு ஏறும்போது ஈரமா இருந்த கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே போனேன், அந்த வாசனை என்னோடதுதான். அதனால இரும்புன்னு ஒரு எண்ணெய் தேடி அலையாதீங்க. குந்திரிக்கமும் மிளகும் சேர்ந்தா ஒரு குளிர்ச்சியான, கல்லு மாதிரி உணர்வு வரும், அது போதும், மிச்சத்தை போடுறவங்க தோல் பார்த்துக்கும்.

பொருள் வாங்குறது

0.01 கிராம் காட்டுற தராசு கட்டாயம் வேணும். சொட்டுக் கணக்குல பண்றது இந்த வேலைக்கு ஒத்துவராது, ஏன்னா வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டி, அதோட ஒரு சொட்டும், எலுமிச்சை வகைப் பழத்தோல்ல எடுக்கிற பெர்கமாட் எண்ணெயோட ஒரு சொட்டும் ஒரே எடை இல்ல. அப்புறம் 10 மில்லி கண்ணாடி பாட்டில் ஒரு டஜன், 30 மில்லி அம்பர் பாட்டில் ரெண்டு, பிளாஸ்டிக் பிப்பெட், ஒட்டுற லேபிள். மோந்து பார்க்கிற பட்டைக்கு வாட்டர்கலர் பேப்பரை விரல் அகலத்துக்கு வெட்டிக்கோங்க.

ஆல்கஹால் பெர்ஃப்யூமுக்குன்னே விக்கிற எத்தனால்தான் வேணும், 95 சதவீதத்துக்கு மேல. நம்ம நாட்டுல எத்தனால் விக்கிறதுக்கு கட்டுப்பாடு இருக்கு, அதனால லைசென்ஸ் உள்ள கடையில பில்லோட வாங்குங்க. சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், பெயின்ட் கடை ஸ்பிரிட் எதுவும் கூடாது, பெயின்ட் கடை சரக்குல மெத்தனால் இருந்தா தோல் வழியா உள்ள போய் உயிருக்கே ஆபத்து. கிடைக்கவே இல்லன்னா எம்சிடி எண்ணெய்ல, அதாவது உறையாத தேங்காய் எண்ணெய்ல, அத்தரா பண்ணிக்கோங்க. வாசனை அவ்வளவு தூரம் பரவாது, தோல்கிட்டயே இருக்கும், ஆனா இந்த மண் வாசனைக்கு அதுவும் அழகுதான்.

மண் பக்கத்துக்கு வெட்டிவேர் எண்ணெய், பேட்சௌலிங்கிற இலையோட எண்ணெய், நாகர்மோத்தா, அதாவது நம்ம கோரைக்கிழங்கு வகை எண்ணெய், மிட்டி அத்தர், ஓக் மரத்துல பாசி மாதிரி வளர்ற ஓக்மாஸோட அப்சல்யூட், அதாவது கரைப்பான்ல எடுத்த கெட்டிச் சாறு. வெட்டிவேர்ங்கிற நம்ம சொல்லுதான் உலகம் பூரா வெட்டிவர்னு போயிருக்கு, பேட்சௌலிங்கிற பேரும் தமிழ்ல இருந்து போனதுன்னுதான் ஆங்கில அகராதிகள்ல இருக்கு. பாட்டில்ல அந்தப் பேரைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

பச்சைக்கு கல்பனம்ங்கிற செடிப் பிசினோட எண்ணெய், வயலட் இலை அப்சல்யூட், கசப்பு ஆரஞ்சு இலையில எடுக்கிற பெட்டிகிரெய்ன், பெர்கமாட், சிஸ்-3-ஹெக்சனால். பெர்கமாட் வாங்கும்போது எஃப்சிஎஃப்னு போட்டிருக்கிறதைத்தான் வாங்கணும், சாதா பெர்கமாட்ல பெர்காப்டென்னு ஒண்ணு இருக்கு, அதைத் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருத்துப் போயிடும். அத்தி இலை அப்சல்யூட் யாராவது ஆசை காட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க, வாசனைத் தொழிலுக்கு விதி வகுக்கிற இஃப்ரா அதை தடை பண்ணியே வச்சிருக்கு. சிஸ்-3-ஹெக்சனால் ஆலையில செஞ்சதாவும் வருது, புதினா எண்ணெய்ல இருந்து பிரிச்சதாவும் வருது, முழுக்க தாவரம்னு பிடிவாதமா இருக்கிறவங்க ரெண்டாவதை வாங்குங்க.

பூவுக்கு மல்லி அப்சல்யூட், அதுவும் குண்டு மல்லி. தமிழ்நாட்டுலயே எடுக்கிறது உலகத்துல பெரிய பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்குப் போகுது, அதனால நமக்கு வெளிய தேட வேண்டிய அவசியம் இல்ல. கூட கொஞ்சம் யிலாங் யிலாங் பூ எண்ணெய். கடைசியா குந்திரிக்க எண்ணெய், மிளகு எண்ணெய், புகைக்கு சோயா நக், கடல் சிப்பியைச் சுட்டு எடுக்கிற நம்ம நாட்டுப் பழைய சரக்கு.

மிட்டி அத்தர்ல ஏமாத்து நிறைய. நான் முதல்ல ஒரு கடையில வாங்கினது சந்தன எண்ணெய்ல இறக்கினதுன்னுதான் சொன்னாங்க, வீட்டுக்கு வந்து ஆல்கஹால்ல விட்டா பால் மாதிரி கலங்கி, கொஞ்ச நேரத்துல எண்ணெய் முத்து முத்தா அடியில உட்கார்ந்துச்சு. லிக்விட் பாரஃபின். அது எத்தனால்ல கரையாது, சந்தன எண்ணெய் கரையும். அதனால வாங்கின உடனே ரெண்டு சொட்டை கொஞ்சம் ஆல்கஹால்ல விட்டுப் பாருங்க, தெளிவா நின்னா சரி. பாரஃபின் சரக்குன்னு தெரிஞ்சா அதை எண்ணெய் பெர்ஃப்யூமுக்கு வச்சுக்கலாம், ஸ்பிரேக்கு வேண்டாம்.

கரைசல் போட்டு வைக்கிறது

அவசரப்படுறவங்க விடுற படி இதுதான். காரமான சரக்கை அப்படியே எடுத்தா 0.01 கிராம் தராசு அதை சரியா காட்டாது, ஒரு சொட்டு கூடினாலே மொத்தமும் போச்சு. அதனால ஓக்மாஸ், கல்பனம், வயலட் இலை, மல்லி, யிலாங், மிளகு ஆறையும் 10 சதவீதக் கரைசலா பண்ணுங்க: 1 கிராம் சரக்கு, 9 கிராம் ஆல்கஹால். விலை கூடின சரக்குன்னா 0.20 கிராமுக்கு 1.80 கிராம்னு பண்ணாலும் போதும். சிஸ்-3-ஹெக்சனால், சோயா நக் ரெண்டும் 1 சதவீதம், அதாவது 10 சதவீதக் கரைசல் போட்டு, அதுல 1 கிராம் எடுத்து மறுபடி 9 கிராம் ஆல்கஹால்.

ஓக்மாஸும் வயலட் இலையும் அரக்கு மாதிரி இருக்கும். பாட்டிலை மூடியோட வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் வச்சா இளகும். அடுப்புப் பக்கமே போகாதீங்க, நம்ம ஊர் அறை வெப்பத்துலயே எத்தனால் ஆவி தீப்பிடிக்கும், விளக்கு, ஊதுபத்தி எல்லாத்தையும் அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உட்காருங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் பேர், சதவீதம், தேதி ஒட்டிடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா எல்லா பாட்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கலக்குறது

மொத்தம் 20 கிராம் பண்ணப் போறோம், ஏறக்குறைய 25 மில்லி வரும். நாலு கூட்டா தனித்தனி பாட்டில்ல பண்ணி, மோந்து பார்த்து, பிறகுதான் சேர்க்கணும்.

மண் கூட்டு: வெட்டிவேர் 0.50 கிராம், மிட்டி அத்தர் 0.40, பேட்சௌலி 0.20, நாகர்மோத்தா 0.10, ஓக்மாஸ் கரைசல் 0.10. ஒவ்வொண்ணையும் விட்ட பிறகு தராசை பூஜ்யம் பண்ணுங்க, நோட்டுல டிக் போடுங்க. ஓக்மாஸை கூட்ட ஆசை வரும், ஏன்னா அது சேர்ந்த உடனே காட்டுத் தரை அப்படியே வந்து நிக்கும், ஆனா அலர்ஜி காரணமா அதுக்கு இஃப்ரா வச்ச வரம்பு முடிஞ்ச பெர்ஃப்யூம்ல 0.1 சதவீதம், நாம போட்டிருக்கிறது அதுல பாதி. இந்தக் கூட்டை ஒரு நாள் சும்மா வச்சுட்டு மறுநாள் மோந்து பாருங்க. தொட்டி மண்ணு ஞாபகம் வரணும். வெறும் வேர் வாசனையா இருந்தா மிட்டி அத்தரை 0.05 கூட்டுங்க.

பச்சைக் கூட்டு: பெர்கமாட் 0.50, பெட்டிகிரெய்ன் 0.35, வயலட் இலை கரைசல் 0.20, சிஸ்-3-ஹெக்சனால் கரைசல் 0.20, கல்பனம் கரைசல் 0.15. கல்பனத்துல ரொம்ப ஜாக்கிரதை. நான் முதல் தடவை இதைவிட நாலு மடங்கு போட்டுட்டேன், பெர்ஃப்யூம் பூரா குடைமிளகாய் நறுக்கின சமையல்கட்டு மாதிரி ஆயிடுச்சு, பூ சேர்த்துப் பார்த்தேன், பெர்கமாட் சேர்த்துப் பார்த்தேன், எதுலயும் அடங்கல, ரெண்டு வாரம் வச்சும் போகல. பிறகுதான் படிச்சேன், கல்பனத்துலயும் குடைமிளகாய்லயும் இருக்கிறது ஒரே பைரசின் மூலக்கூறு, துளியூண்டு இருந்தாலே மூக்கு அதை மட்டும்தான் பிடிக்கும். அதனால அளவு இதுதான், குறைவா இருக்குன்னு தோணினாலும் ஆறின பிறகு முடிவு பண்ணுங்க.

இரும்பும் புகையும்: மிளகு கரைசல் 0.50, குந்திரிக்கம் 0.10, சோயா நக் கரைசல் 0.10. பேப்பர்ல தனியா மோந்தா ஒண்ணும் பெருசா இருக்காது, சேர்ந்த பிறகுதான் இதோட வேலை தெரியும்.

பூ: மல்லி கரைசல் 0.40, யிலாங் கரைசல் 0.50. மல்லியில இண்டோல்னு ஒண்ணு இருக்கு, கூடினா கனமா, கொஞ்சம் அழுகின வாடை, குறைஞ்சா உயிரோட இருக்கிற பூ. நமக்கு வேண்டியது கண்ணாடி வீட்டோட அந்தக் கோடியில எங்கயோ ஒண்ணு பூத்திருக்குங்கிற அளவுதான்.

இப்ப 30 மில்லி பாட்டிலை தராசுல வச்சு மண் கூட்டை முதல்ல விடுங்க, பிறகு புகை, பிறகு பூ, கடைசியா பச்சை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெதுவா சுழட்டுங்க, குலுக்காதீங்க. மொத்தம் 4.30 கிராம் வந்திருக்கணும். அதுக்கு மேல 15.70 கிராம் ஆல்கஹால். கரைசல்ல ஏற்கனவே இருக்கிற ஆல்கஹாலைக் கழிச்சா வாசனைச் சரக்கு ஏறக்குறைய 12 சதவீதம், பூசினா அரை நாளைக்குக் குறையாம நிக்கும்.

ஆற வைக்கிறது

கலந்த அன்னைக்கு மோந்து பார்த்துட்டு மனசு விடாதீங்க, ஆல்கஹால் நெடியும் கல்பனமும்தான் முன்னாடி நிக்கும். மூடியை இறுக்கி, பீரோவுல துணிக்கு நடுவுல, வெளிச்சம் படாம ஆறு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பட்டையில தொட்டு மோந்து நோட்டுல எழுதுங்க. எனக்கு மூணாவது வாரம் வரைக்கும் பச்சையும் மண்ணும் ரெண்டு தனி பெர்ஃப்யூம் மாதிரியே இருந்துச்சு, நாலாவது வாரம் ஒரு காலையில திறந்தப்போ ரெண்டும் ஒண்ணாகி, தண்ணி தெளிச்ச செடி தொட்டியோட நிக்கிற மாதிரி வந்துச்சு. அந்த இடத்துல வெட்டிவேர்தான் வேலை செய்யுது, அதுக்கே பச்சை முகமும் மண்ணு முகமும் இருக்கு.

ஆறு வாரம் முடிஞ்சதும் இறுக மூடின பாட்டிலை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சு, மறுநாள் சில்லுனு இருக்கும்போதே காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டுங்க. அப்சல்யூட்ல இருக்கிற மெழுகு பேப்பர்ல தங்கிடும். நிறம் லேசான பழுப்புப் பச்சையா வரும், வெள்ளைச் சட்டையில அடிக்காதீங்க.

சோதிக்கிறது

பேப்பர்ல அடிச்சு ஒரு நிமிஷத்துல, அரை மணில, நாலு மணி நேரத்துல, மறுநாள் காலையில, நாலு தடவை மோந்து பாருங்க. நடுவுல மூக்கு அலுத்துச்சுன்னா காபிக் கொட்டை தேவையில்ல, உங்க முழங்கை மடிப்பை மோந்தா போதும். தோல்ல போடுறதுக்கு முன்னாடி முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்க, சிவந்தாலோ அரிச்சாலோ அந்தத் தோலுக்கு இது வேண்டாம், இயற்கை எண்ணெய்ன்னா அலர்ஜி வராதுங்கிறது தப்பு. வேற யாருக்காவது குடுக்கிறதா இருந்தா உள்ள என்னென்ன இருக்குன்னு எழுதிக் குடுங்க.

தோல்ல போட்டா முதல் பத்து நிமிஷம் பெர்கமாட்டும் பச்சையும், அது கதவு திறந்த நேரம். அரை மணிக்கு மேல மல்லி எட்டிப் பார்க்கும். மண்ணும் புகையும் சாயங்காலம் வரைக்கும் சட்டைக் கை மடிப்புல இருக்கும்.

ரெண்டாவது தடவை பண்ணும்போது ஒண்ணு ரெண்டு பொருளை மட்டும் மாத்துங்க. மழைக்காலத்துக்கு நான் மிளகை பாதியாக்கி மிட்டி அத்தரை 0.50 ஆக்கினேன், கோடைக்கு பேட்சௌலியை 0.10 ஆக்கி பெட்டிகிரெய்னை கூட்டினேன், ரெண்டு பாட்டிலும் இப்ப பீரோவுல பக்கத்துல பக்கத்துல இருக்கு, மழைக்காலத்து பாட்டில் காலியாகப் போகுது.